குறை சொல்லாத இருபது பேர்

இருபது படிவங்களில் ஒன்றில்கூடக் குறை இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள், டாக்டருக்கு நன்றி சொன்ன கையோடு மின்விசிறி கடகடக்கிறது, கழிப்பறை நாறுகிறது, சாப்பாட்டில் உப்பில்லை என்று நாலு வரியாவது எழுதாமல் விடமாட்டார்கள். இந்த இருபது பேருக்கும் எல்லாமே திருப்தி. முன்பக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள்.

டாக்டர்கள் தொடர்ந்து வைத்தியம் பார்க்கத் தகுதியோடு இருக்கிறார்களா என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துச் சொல்லும் ஆஸ்பத்திரிப் பிரிவில் அவள் அதிகாரி. பதினெட்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோப்பு பார்த்தவள். "வீட்டுக்கு வர்ற பால்காரர்கிட்டயும் லைசென்ஸ் கேப்பா," என்று அவள் கணவன் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவள் இந்த ஒரு கோப்பில் சறுக்கியிருந்தாள்.

கோப்பு மூத்த சர்ஜனுடையது. மூன்று மாதத்துக்கு முன் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்தி, கத்தி பிடிக்கும்போது அவர் கை நடுங்குகிறது என்று எழுதிக் கொடுத்தாள். ஐந்து வருஷக் கெடு வரும் முன்பே மறுஆய்வு தொடங்கியது. மருத்துவக் குழு இரண்டு முறை அவரைக் கை நீட்டச் சொல்லிப் பார்த்தது, நடுக்கம் இல்லை. மிச்சம் இருந்தது நோயாளிகளின் கருத்துப் படிவங்கள்தான். படிவம் வந்த பிறகே கையெழுத்து என்பது விதி. ஆனால் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. கண்காணிப்பாளர் தினம் இரண்டு தடவை போன் போட்டு நச்சரித்தார். போன திங்கட்கிழமை, எப்படியும் வரப்போகிறதுதானே என்று, 'படிவங்கள் பெறப்பட்டன, திருப்தி' என எழுதி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்தக் கடிதத்தின் பேரில் இன்று மூன்று மணிக்கு அவர் பித்தப்பையை எடுக்கப்போவது அவளுடைய சொந்தத் தம்பிக்கு. "அக்கா கையெழுத்துப் போட்ட டாக்டரு, எனக்கென்ன பயம்?" என்று காலையில் அவன் கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது மணி இரண்டு பத்து. ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தின இருட்டு; அறைக்குள் ட்யூப்லைட்டின் ரீங்காரம்; தாழ்வாரத்தில் எண்ணெய் காணாத சக்கரத்தோடு ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுப் போய், லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் அதை விழுங்கியது. படிவங்களை மறுபடி எண்ணினாள். காலையிலிருந்து மேசைமேல் கிடந்தும் அந்தக் காகிதங்களில் குளிர் விடவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் ஸ்பிரிட் வாடையும், அதற்கடியில் நாள்கணக்கில் பூட்டிக்கிடந்த அறையின் வாடையும் வந்தன.

சர்ஜனே உட்கார்ந்து எழுதியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் இருபதும் இருபது கையெழுத்து. வார்டு வாசலில் இருக்கும் பெட்டியின் சாவியோ அவள் கைப்பையைத் தவிர வேறெங்கும் கிடையாது. நேற்று மாலை திறந்தபோது பெட்டி காலி. இன்று காலை இருபது படிவம். ஒரே நாளில் இருபது பேர் எழுதுமளவுக்கு அந்த வார்டில் கட்டில்கூட இல்லை.

படிவம் எழுதியவர்களில் மூன்று பேரிடமாவது போனில் விசாரிப்பது வழக்கம். முதல் எண்ணைப் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரரா?" என்றது ஒரு பெண்குரல். "அவர் போயி எட்டு மாசம் ஆகுதுங்க. ஆபரேஷன் அன்னிக்கே."

படிவத்தில் நேற்றைய தேதி இருந்தது.

இரண்டாவது எண்ணில் ஒரு ஆண். "அம்மா டேபிள்லயே போயிட்டாங்க மேடம். அந்த டாக்டருக்கு நீங்கதானே சர்டிஃபிகேட் குடுத்தீங்க? இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

போனை வைத்தாள். மூன்றாவது போனைப் போடாமல் கம்ப்யூட்டரில் இறப்புப் பதிவைத் திறந்து ஒவ்வொரு பெயராகத் தேடினாள். எல்லாரும் இருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஒரு சர்ஜனுடைய ஆபரேஷன் மேசையில் போனவர்கள்.

அப்போதும் அவள் மனம் பேயை நினைக்கவில்லை, திருட்டைத்தான் நினைத்தது. யாரோ பழைய பதிவேட்டிலிருந்து பெயர்களைப் பொறுக்கியிருக்கிறார்கள், கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள், சர்ஜனுக்கு வேண்டியவர்கள் யாராவது உள்ளேயே இருக்கிறார்கள். யாராக இருக்கும் என்று யோசித்தபடியே படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். கடைசிக் கேள்வி அங்கேதான் இருந்தது: இந்த மருத்துவர் தொடர்ந்து பணியாற்றலாமா?

'ஆற்றலாம். கை இனி நடுங்காது. நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.'

அடுத்ததைத் திருப்பினாள். வேறு கையெழுத்து. அதே வரி. அடுத்தது. அதே வரி. சரியாக எழுதத் தெரியாத ஒருவர் கோணல்மாணலாக எழுதியதும் அதே வரி.

தியேட்டருக்குப் போன் போட்டாள்.

"உங்க தம்பியா? முன்னாடி இருந்த கேஸ் தள்ளிப்போயிடுச்சு மேடம். ரெண்டு மணிக்கே உள்ள கொண்டுபோயாச்சு."

'அனுமதி ரத்து' என்று ஒரு தாளில் கிறுக்கி, முத்திரையைக் குத்திக்கொண்டு ஓடினாள். லிஃப்ட் வரவில்லை. படிகளில் இறங்கினாள். இரண்டாவது மாடி. தாழ்வாரம் நீளமாக இருந்தது. யாரும் இல்லை. தரை ஈரமாக இருந்தது. செருப்பு வழுக்கியது. தியேட்டர் கதவுக்குமேல் சிவப்பு விளக்கு.

வாசலில் புகார் எழுதிய அதே நர்ஸ் நின்றிருந்தாள். உள்ளே இருக்கவேண்டியவள், வெளியே சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"நிறுத்தச் சொல்லுங்க சிஸ்டர். ஆர்டர் இருக்கு."

நர்ஸ் தாளைப் பார்க்கவே இல்லை. "இப்ப அவருக்குக் கை நடுங்கறதில்ல மேடம். கொஞ்சங்கூட நடுங்கறதில்ல. அதைப் பாக்க முடியாமத்தான் வெளிய வந்துட்டேன்."

"ஏன்?"

"கத்தி வெச்சதும் அவரு கண்ணை இறுக்கி மூடிக்கிறாரு. கை மட்டும் வேலை செய்யுது." நர்ஸின் குரல் அடங்கிப்போயிருந்தது. "அனுமதி நீங்கதானே மேடம் குடுத்தீங்க?"

அவள் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அந்தப் பக்கம் நிறையப் பேர் சாய்ந்து நிற்பது தெரிந்தது. மெத்தென்று இருந்தது. குளிராக இருந்தது.

கதவில் இருந்த வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்தாள்.

வெளிச்சம். பச்சைத் துணிக்கு நடுவே தம்பியின் வயிறு. கதவுக்கும் மேசைக்கும் நடுவே ஒருவரும் இல்லை. மயக்க டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ஜனின் கண்கள் மூடியிருந்தன. முகமூடி கண்ணீரில் நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவருடைய கவுன் துணி குழிகுழியாக அமுங்கியிருந்தது. ஒரு விரல் பதிந்த குழி. பக்கத்தில் இன்னொன்று. ஒன்றின்மேல் ஒன்றாக, இடமில்லாமல்.

கண்ணாடியைத் தட்டினாள். தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

சர்ஜன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். பிறகு பின்னால் நகரப் பார்த்தார். ஒரு கால் பின்னால் வந்தது. மற்றக் காலும் வந்தது. உடம்பு முழுக்கச் சாய்ந்தது. கைகள் மட்டும் வரவில்லை. நீட்டியது நீட்டியபடி, துளி நடுக்கம் இல்லாமல், தம்பியின் வயிற்றுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தன.