அசல் கதவு

விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடராக இருந்த கார்ஸ்டன், ஸ்கார்த்பி விமானத் தளத்தில் வந்து இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில், எங்கள் லிங்கன்ஷயரில் அதையெல்லாம் யாரும் மழை என்று சொல்வதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பெருங்கூட்டம் பிளாஸ்டிக் அங்கி மாட்டிக்கொண்டு, ரொட்டிக்குள் பன்றி இறைச்சி வைத்துத் தின்றபடி கை தட்டியது. எண்பது தாண்டிய கிழவர், முதுகு வளையாமல் நடந்து வந்து எல்லோருக்கும் கையசைத்தார்.

நாங்கள் ஒரு பழைய விமானத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற கூட்டம். வல்கன் குண்டுவீச்சு விமானம். அது இனி பறக்காது, பறக்க அனுமதியும் கிடையாது. ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை நான்கு இன்ஜினையும் போட்டு, ஓடுபாதையில் வேகமாக ஓட்டி, மூக்கைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி நிறுத்துவோம். அந்த இரைச்சலை நெஞ்சுக்கூட்டில் வாங்கிக்கொள்ளத்தான் ஸ்காட்லாந்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மற்ற நாளில் பெண்டாட்டி திட்டத் திட்ட ஞாயிற்றுக்கிழமையெல்லாம் துரு சுரண்டுவோம். நான் வில்ஃப். பேருந்துப் பணிமனையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே வயரிங் வேலை என்னுடையது. ஓட்டம் முடிந்து விமானம் வந்து நின்றதும், அதன் வயிற்றில் நீளமான வயரைச் செருகி, தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீழே நிற்பேன். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன பேசினாலும் எனக்குக் கேட்கும்.

அந்த விமானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலே முன்னால் இரண்டு பைலட்டுகள். அவர்களுடைய இருக்கைகள், ஆபத்து வந்தால் ஆளையும் தூக்கிக்கொண்டு கூரை வழியே வெளியே பாய்ந்துவிடும். அவர்களுக்குக் கீழே, பின்னால், இருட்டறை மாதிரி ஓர் இடத்தில், வாலைப் பார்த்தபடி மூன்று பேர். அவர்களுக்கு வெறும் நாற்காலி. கேப்டன் "குதி" என்று உத்தரவு கொடுத்தால், தரையில் உள்ள கதவைத் திறந்து ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கி விழ வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவன் முன் இருக்கைக்காரனாகத்தான் இருப்பான்.

கார்ஸ்டன் இளைஞராக இருந்தபோது ஓட்டிய வல்கன் யார்க்ஷயர் மேட்டில் விழுந்தது. முன்னால் இருந்த இருவரும் பாராசூட்டில் இறங்கினார்கள். பின்னால் இருந்த மூன்று பேரும் செத்தார்கள். மூன்று முறை உத்தரவு கொடுத்ததாகக் கார்ஸ்டன் விசாரணையில் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் மெதுவாக இருந்துவிட்டார்கள் என்று முடிவாயிற்று.

அந்த மூவரில் ஒருவர் கென்னத் ஆல்டஸ். அவருடைய மகள் மொய்ரா, எங்கள் மொய்ரா. அப்பா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. "மெதுவு" என்ற அந்த ஒரு சொல்லோடுதான் அவள் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவள் பின்னால் காலை இழுத்து இழுத்து நடந்து காட்டுவார்களாம். எங்களோடு பல வருடமாகத் துடைக்கிறாள், மெருகேற்றுகிறாள். விமானப் பைத்தியம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவளுக்கு விமானமே பிடிக்காது. என்றாவது ஒருநாள் கார்ஸ்டன் இங்கே வருவார், நேருக்கு நேர் கேட்க வேண்டும், அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

அன்று காலை டீ கொடுக்கும்போது கேட்டுவிட்டாள். உத்தரவு கொடுத்தீர்களா என்று மட்டும்தான் கேட்டாள். கிழவர் அவள் கன்னத்தைத் தட்டினார்.

"உங்கப்பா தங்கமான மனுஷன்மா. ஆனா என்ன, கொஞ்சம் மெதுவு. மூணு தடவை கத்தினேன்."

சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். எனக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி அவர் மடியில் கொட்டலாம் போலிருந்தது. மொய்ரா "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் தலைவர் ரெக்ஸ் பின்டர் ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். போன குளிர்காலத்தில் எங்கள் விமானத்தின் தரைக்கதவு துருப்பிடித்துப் போனதால், ஏதோ பண்ணையில் பன்றிக்கொட்டிலுக்குத் தடுப்பாக வைத்திருந்த பழைய கதவை வாங்கி வந்து மாட்டியிருந்தோம். ரெக்ஸின் கண்ணெல்லாம் மின்னியது.

"அந்தக் கதவு நம்பரைப் பார்த்தேன் வில்ஃப். அது நம்ம கார்ஸ்டனோட விமானத்துக் கதவு, விழுந்துச்சே அதே விமானம். அசல். போட்டோ எடுக்கும்போதுதான் அவர்கிட்ட சொல்லப்போறேன். அந்த முகத்தைப் பார்க்கணும்."

மொய்ராவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவளுக்கும் அதே நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். எங்கள் ஆட்களுக்கு அசல் கிடைத்தால் போதும், அதில் யார் செத்தார்கள் என்பதெல்லாம் கூடுதல் மதிப்பு.

சக்கரத்துக்குக் கட்டை வைப்பது மொய்ராவின் வேலை. என் பக்கத்தில் வந்து நின்றபோது மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கதவுல, அவசரத்துக்கு இழுக்கிற உள்பக்க லீவர்ல ஒரு செம்புக் கம்பி கட்டியிருக்கும். லீவரை இழுத்தா அறுந்துடும்," என்றாள். "நான்தானே தொடைச்சேன். அறுபடவே இல்ல, வில்ஃப். அதுல யாரும் கையே வைக்கல."

ஓடுபாதையில் இன்ஜின்கள் ஊளையிட்டன. விமானம் எங்களைக் கடந்து ஓடியது, மூக்கைத் தூக்கியது, கூட்டம் ஆர்ப்பரித்தது. துணைப் பைலட் இருக்கையில் இருந்து ஓட்டியவர் எங்கள் ஜெஃப். கேப்டன் இருக்கையில் கார்ஸ்டன். பின் அறையில் யாருமில்லை. திரும்பி வந்து நின்றதும் இன்ஜின்களை அணைத்தார்கள். மண்ணெண்ணெய் வாடையும் ஈரப் புல் வாடையும் கலந்து வந்தன. ஜெஃப் ஏணி வழியே பின் அறைக்குள் இறங்கி, தரைக்கதவு வழியாக வெளியே வந்தான். கிழவர் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறார் என்று சொல்லிவிட்டு டீக் கூடாரத்துக்குப் போனான். ரெக்ஸ் புகைப்படக்காரரைத் தேடி ஓடினார்.

கதவு தானாக மேலே எழுந்து மூடிக்கொண்டது.

அது கனமான கதவு. காற்றழுத்தம் கொடுத்தால்தான் மேலே எழும். இன்ஜின் அணைந்து கிடந்தது.

ஹெட்போனில் சத்தம் வந்தது.

"பின் இருக்கை ஒண்ணு, தயார்."

பின் அறைக்கு நான் இன்னும் வயரே இழுக்கவில்லை.

"ரெண்டு, தயார்."

மொய்ரா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை இழுத்துத் தன் காதில் வைத்தாள்.

"மூணு, தயார், கேப்டன். உத்தரவு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு வயதில் கடைசியாகக் கேட்ட குரல் அது.

"யாரு? ஜெஃப், விளையாடாதப்பா," என்றார் கார்ஸ்டன்.

"உத்தரவு, கேப்டன்?"

அதில் கோபம் இல்லை. மரியாதையாக, பொறுமையாக, மறுபடி மறுபடி அதே கேள்வி. மேலே இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. இருக்கையைப் பாய வைக்கும் கைப்பிடியைக் கிழவர் இழுக்கிறார். அதில் வெடிமருந்தை எல்லாம் நாங்கள் எடுத்து வருடங்கள் ஆகின்றன. மறுபடி இழுத்தார். மறுபடியும்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்.

"வில்ஃப், கதவைத் திற. என்னால கீழ இறங்க முடியல. ஏணிக்கு அந்தப் பக்கம்... மூணு பேரும் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்க்கிறாங்க."

தரையில் நிற்கும்போது பைலட்டுகளுக்கும் அதே கதவுதான். அந்த மூன்று நாற்காலிகளையும் தாண்டித்தான் வர வேண்டும். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் தாண்டாமல் வெளியேறியிருந்தார்.

"உத்தரவு, கேப்டன்?"

"சொல்லல." கிழவர் அழுதார். "நான் சொல்லவே இல்ல. பயந்துட்டேன். கைப்பிடியை இழுத்துட்டேன். போதுமா? விடுங்க என்னை."

மொய்ரா ஹெட்போனை விட்டுவிட்டு, கதவின் வெளிக் கைப்பிடியில் கை வைத்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் அவள் திருகவில்லை. உள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது.

"திற மொய்ரா."

"அவசரப்படாதீங்க, வில்ஃப்," என்றாள். "பின்னாடி இருக்கிறவங்க கொஞ்சம் மெதுவாத்தான் வருவாங்க."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவள் கைமேல் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் விரல்களுக்குத்தான் தெரிந்தது, நனைந்த தோல் கையுறை, உள்ளே சில்லென்ற விரல்கள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

தட்டும் சத்தம் வேகமெடுத்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது. அதற்குப் பிறகும் மொய்ரா கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தாள். அப்புறம் கைப்பிடியை மெல்லத் திருகினாள், கதவு சுலபமாக இறங்கியது.

கார்ஸ்டன் மூன்றாவது நாற்காலியில், வாலைப் பார்த்தபடி இருந்தார். எல்லா வார்களும் பூட்டி, இறுக்கி இழுக்கப்பட்டிருந்தன. கைகள் இரண்டும் வார்களுக்கு அடியில் இருந்தன. வாய் திறந்திருந்தது. லீவரைப் பார்த்தேன். செம்புக் கம்பி அறுபடவே இல்லை.

மாரடைப்பு என்றார் மருத்துவர். தான் உயிராய் நேசித்த விமானத்திலேயே போய்விட்டார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. கதவைக் கழற்றிவிடலாம் என்று நான் சொன்னதற்கு ரெக்ஸ் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அசல் கதவு, அதுவும் இப்போது! வேலிக்கு அருகே அதைப் பற்றி ஒரு பலகையே வைத்துவிட்டார். கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. படிப்பவர்கள் சிலிர்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வசந்தத்தில் மறுபடி ஓட்டினோம். விமானம் வந்து நின்று, ஜெஃப் இறங்கி, உள்ளே ஒருவரும் இல்லாதபோது, ஹெட்போனை மாட்டினேன். ஒன்று பேசவில்லை. இரண்டும் பேசவில்லை. அவர்கள் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. நான் மூச்சு விட்டேன்.

"மூணு, தயார், கேப்டன்." கிழட்டுக் குரல், நடுங்கியது. "உத்தரவு? குதிக்கட்டுமா?"

மொய்ரா கையை நீட்டினாள். ஹெட்போனைக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு காதிலும் சரியாகப் பொருத்திக்கொண்டு, பேசும் பொத்தானை அழுத்தினாள். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்தக் 'கிளிக்' கேட்கும், யாரோ பேசப்போகிறார்கள் என்று தெரியும்.

"கேப்டனா? கேப்டன், கேக்குதா?" எனக்கு வெளியிலேயே கேட்டது, அவ்வளவு ஆவலாகக் கத்தினார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். ஹெட்போனை என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.