அரண் சாளரத்தில் நின்ற கூட்டம்

செவ்வாய்க் கோளில் சனிக்கிழமை என்றால் எலும்பு நிறுவை. பூமியில் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் இங்கே எலும்பை நிறுக்கிறார்கள். பூமியின் ஈர்ப்பில் பாதிகூட இல்லாத ஊர் இது. உடம்பு லேசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே எலும்பு பொரி மாதிரி ஆகிவிடும். அதனால் பல் துலக்கிய கையோடு குடியிருப்பே வந்து வரிசையில் நிற்கும். நிறுவைத் தட்டில் ஏறியதும் மணிக்கட்டில் தோலுக்கடியில் பதித்திருக்கிற தோல்வில்லை கணக்கைச் சொல்லும். உடனே பக்கத்து ஆளிடம், "உங்களுக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்பார்கள். தன்னைவிட அதிகம் என்றால் உச்சுக்கொட்டுவார்கள். குறைவு என்றால் முகம் வாடி வீட்டுக்குப் போவார்கள்.

அன்று வடிவு தட்டில் ஏறியபோது தோல்வில்லை சிவப்பாக மின்னியது. எலும்புக்காக அல்ல. செவ்வாயில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கிற இலவச மருத்துவக் காப்பு இன்று மாலை மணியோடு முடிகிறது, அதற்குள் ஏதாவது ஒரு காப்பீட்டை எடுத்தாக வேண்டும் என்பதற்காக.

வடிவுக்கு ஐந்தாம் மாதம். இங்கே பிறக்கிற குழந்தையைச் சில மாதங்கள் சுழல்தொட்டிலில் போட்டு வளர்க்க வேண்டும். அந்தத் தொட்டில் சுற்றுகிற சுற்றில்தான் பூமியின் எடை கிடைத்து எலும்பு முற்றும். அந்தச் செலவைத் தாங்குகிற காப்பு கையில் இல்லாத கர்ப்பிணியைக் குடியிருப்பு வைத்துக்கொள்ளாது. நாளைய கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடும். போனால் பிள்ளைக்கு ஐந்து வயதாகும்வரை திரும்ப முடியாது. அவள் கணவன் சுடலைமுத்துவோ ஒப்பந்தம் முடியாமல் செவ்வாயைவிட்டு நகர முடியாது. பிள்ளை அவனைத் திரையில் பார்த்துத்தான் அப்பா என்று சொல்லும்.

"இன்னைக்குத்தான் கடைசி நாளாம்லா. பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்களே," என்றாள் வடிவு, வீட்டுக்கு வந்ததும்.

"பாத்துட்டேன் வடிவு. அரண்தான். நம்ம ஆளுங்க அம்புட்டு பேரும் அரண்தான் போட்டிருக்காங்க."

"அதுல பிள்ளைக்கு உண்டா?"

"இல்லாமலா இத்தனை பேரு போட்டிருப்பாங்க?"

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்தால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து வடிவுக்கு இது தெரியும்.

அரண், கேடயம், வேர் என்று மூன்று காப்பீடுகள். ஒவ்வொன்றின் நிபந்தனைகளும் தலையணை கனத்துக்கு இருக்கும். அவற்றைப் படித்துச் சொல்வதற்கென்றே வீட்டுக்கு ஓர் உசாவி இயந்திரத்தைக் குடியிருப்பு கொடுத்திருக்கிறது. குடம் அளவு உயரம், மூன்று சக்கரம், எதையும் கண் இமைக்கும் நேரத்தில் படித்து முடிக்கிற மூளை. வந்த அன்றே அது, "நான் படித்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டது. "நீ சும்மா கிட. உனக்கு உடம்பா இருக்கு நோவதுக்கு?" என்று சுடலை அதன் வாயை அடைத்துவிட்டான். அன்றிலிருந்து அது வீட்டில் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறது.

"யாரைக் கேட்டு அரண்னு முடிவு பண்ணினீங்க?"

"இசக்கியப்பனை."

"வாங்க, போய்க் கேப்போம்."

கிளம்பிவிட்டாள். செவ்வாயில் ஓடுவது என்றால் தாவுவது. கர்ப்பிணி தாவக் கூடாது என்று சுடலை பின்னால் கத்திக்கொண்டே தாவினான். உசாவி இருவருக்கும் பின்னால் உருண்டது. வடிவுக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், உண்மையைச் சொன்னால் உற்சாகமாகவும் இருந்தது. இத்தனை மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இன்றுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

காற்றுக்குழாய் பராமரிக்கிற இசக்கியப்பன் ஏணியில் நின்றபடியே சொன்னான். "பிள்ளைக்கு உண்டான்னு எனக்கு எப்படித் தெரியும் மதினி? டாக்டரம்மாவே அரண் வச்சிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

மருத்துவக்கூடத்து வரிசையைத் தாண்டி உள்ளே போக மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் ஜெபராணி ஒருவருடைய முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். "நான் எங்கம்மா படிச்சேன்? வர்ற நோயாளியைப் பாக்கவே நேரம் இல்ல. ஐயம்பெருமாள் அண்ணாச்சி முதல் கப்பல்ல வந்தவரு, எல்லாம் அத்துப்படி. அவரே எடுத்திருக்காருன்னு நானும் எடுத்தேன்."

ஐயம்பெருமாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடைசி மாடத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே கீரை போடுகிறார். வந்தவர்களை உட்காரவைத்து, முளைக்கீரைத் தண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"அது வந்து தாயி, நான் வந்து இறங்கின அன்னைக்குக் காப்பீடு எடுக்குற காப்பகத்துல மூணு சாளரம் இருந்துது. ரெண்டுல ஈ காக்கா கிடையாது. அரண்ல மட்டும் வரிசை வாசலைத் தாண்டி நிக்கி. சும்மாவா நிப்பாங்கன்னு நானும் போய் நின்னேன். விரலை வச்சிட்டு வந்துட்டேன்."

"அவங்க எதுக்கு நின்னாங்கன்னு கேக்கலையா அண்ணாச்சி?"

"விரலை வச்ச பொறவுதான் பாத்தேன். சாளரத்துக்குப் பக்கத்துல ஒரு காப்பி இயந்திரம் வச்சிருந்தான். பூமியில இருந்து வந்த அசல் பொடி. கப்பல்ல வந்த அத்தனை நாளும் மாத்திரையைத்தான முழுங்கினோம்? வரிசை காப்பிக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா காப்பி நல்லா இருந்துது," என்றார்.

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் விஷயம் உறைத்தது. செவ்வாயில் இருக்கிற அத்தனை தமிழர்களின் உடம்பும் ஒரு காப்பி இயந்திரத்தை நம்பி இருக்கிறது. கூரைக்கு மேலே சூரியன் சரிந்துகொண்டிருந்தது. மாலை மணிக்கு அதிக நேரம் இல்லை.

"ஏ உசாவி, நீ சொல்லு. எதை எடுக்கட்டும்?"

கடைசியில் தன்னைக் கேட்டுவிட்டார்களே என்று உசாவியின் விளக்குகள் எல்லாம் எரிந்தன. "அரண்," என்றது.

"படிச்சுப் பாத்தியா?"

"இல்லை. இந்தக் குடியிருப்பின் மற்ற உசாவிகளைக் கேட்டேன். எல்லாம் அரண் என்றே சொல்கின்றன."

"அதுங்க படிச்சுதா?"

"அவையும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. உங்களோடு பழகியதில், இதுதான் நம்பகமான வழி என்று தெரிந்துகொண்டோம்."

சுடலை தலையில் கைவைத்துக்கொண்டான். வடிவுக்குக் கோபம் கோபமாக வந்தது. குனிந்து அதன் கண்ணுக்கு நேராக விரலை நீட்டினாள்.

"இங்க பாரு. யாரையும் கேக்காத. மூணையும் நீயே படி."

"படிப்பதா?" என்று உசாவி ஒருமுறை உறுதி செய்துகொண்டது. பிறகு அரை விநாடி ஆனது. அதற்குள் மூன்றையும் படித்து முடித்துவிட்டது.

"அரண், கேடயம் இரண்டும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு மட்டும். எலும்புத் தேய்வு உண்டு, பேறுகாலம் இல்லை. உங்கள் குழந்தை எங்கிருந்தும் வரவில்லை. இங்கேயே பிறக்கிறது. அதற்கு இந்த இரண்டிலும் இடம் கிடையாது. வேர் என்பது இங்கே பிறக்கப்போகிறவர்களுக்கும் அவர்களின் தாய்க்கும் உரியது. சுழல்தொட்டில் அதில்தான் இருக்கிறது. எலும்புத் தேய்வு அதில் கிடையாது."

இவ்வளவுதான் விஷயம். சுடலைக்குக் கண் கலங்கியிருந்தது. இசக்கியப்பன் பேச்சைக் கேட்டு அவளை அரணில் விரல் வைக்கச் சொல்லியிருந்தால் நாளை இந்நேரம் மனைவியைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் கையாட்டிக்கொண்டு நின்றிருப்பான்.

மறுபடியும் தாவல், காப்பகத்துக்கு. இந்த முறை அவன் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டே தாவினான். செவ்வாயில் அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. உசாவி சொன்னது பாதி புரியாமலே ஐயம்பெருமாளும் கீரைக்கட்டோடு பின்னால் வந்தார். வழியில் பார்த்தவர்கள், இவ்வளவு அவசரமாக எங்கே ஓடுகிறார்கள் என்று கூடவே ஓடிவந்தார்கள்.

வேர் சாளரத்தில் ஆள் இல்லை. வடிவு விரலை வைத்தாள். தோல்வில்லை பச்சைக்கு மாறிய பிறகு மாலை மணி அடித்தது. வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. அவள் சுடலையின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "இங்கேயே பொறக்கட்டும்," என்றான் அவன்.

திரும்பினால் பின்னால் வாசல்வரை வரிசை. மணிக்கு முன்னால் வந்து நின்றவர்களை முடித்துத்தான் சாளரத்தைச் சாத்துவார்கள் என்பது விதி. இசக்கியப்பன் நின்றான். முழங்காலைத் தட்டிவிட்டு டாக்டரம்மாவும் வந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் ஐயம்பெருமாள்.

"அண்ணாச்சி, இது பிள்ளத்தாச்சிக்கு உள்ளது. எலும்புக்கு இதுல கிடையாது. எடுத்தா உங்க அரண் போயிரும்."

"நீ எடுத்திருக்கல்லா தாயி? அது போதும்," என்றார் அவர். விரலை வைத்தார். எழுபது தாண்டிய ஐயம்பெருமாளுக்குப் பேறுகாலக் காப்பும் சுழல்தொட்டிலும் உறுதியாயின. மாற்ற வேண்டும் என்றால் இனி அடுத்த வருடம்தான். செவ்வாயில் ஒரு வருடம் என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

அந்தத் தலைவலியை அவரிடமே விட்டுவிட்டு வடிவும் சுடலையும் வரிசையைவிட்டு விலகி வந்தார்கள். "ஒருத்தராவது படிக்காங்களா பாருங்க. ஆட்டு மந்தை," என்றாள் வடிவு. உசாவி பெருமையோடு அவள் காலடியில் உருண்டது.

காப்பகக் கூடத்தின் மறுகோடியில் புதிதாக ஒரு சாளரம் திறந்திருந்தது. பெயர்ப்பலகைகூட இன்னும் மாட்டவில்லை. ஆனால் அதன் முன்னால் நல்ல கூட்டம். வடிவின் நடை தானாக நின்றது. எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அங்க என்னமோ குடுக்காங்க போல. என்ன ஏதுன்னு அப்புறம் பாத்துக்கிடலாம், நீங்க முதல்ல போய் வரிசையில நில்லுங்க."

சுடலை ஓடினான். அவனுக்கு முன்னால் உசாவி போய் நின்றுகொண்டது.