புது மோடம் விட்ட மூச்சு

புது மோடம் மாட்டிய அன்றைக்கே பாட்டுக்கு நடுவில் யாரோ மூச்சு விட ஆரம்பித்தார்கள்.

பெரிய மூச்சு ஒன்றும் இல்லை. வயலின்காரர் ஒரு கீர்த்தனையை முடித்து வில்லைத் தூக்குகிற இடைவெளியில், பேச வாயெடுக்கிறவர்கள் காற்றை உள்ளே இழுப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன இழுப்பு. வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. ஆனால் பாச்சுவின் காது சாதாரணக் காது இல்லை. ரயில்வே டெலிபோன் பிரிவில் முப்பது வருஷம் லைன் லைனாகக் கேட்டுப் பழுத்தது. சாமுண்டி மலை உச்சியில் எறும்பு தும்மினால், மைசூர் சரஸ்வதிபுரத்தில் உட்கார்ந்தபடியே அது ஜலதோஷமா தூசியா என்று சொல்லிவிடுவார்.

தொண்ணூற்றொன்பதில் அந்தத் தெருவிலேயே இன்டர்நெட் வந்த முதல் வீடு அவருடையது. அமெரிக்காவில் ஏதோ ஒரு யூனிவர்சிட்டி ரேடியோ ஞாயிறு காலையில் கர்நாடக சங்கீதம் போடும். அது டெலிபோன் ஒயரில் ஏறி, ஏழு கடல் நீந்தி, இங்கே ஞாயிறு சாயங்காலம் அவருடைய கூடத்து ஸ்பீக்கரில் வந்து இறங்கும். பழைய மோடத்தில் அந்த சங்கீதம் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கேட்டது. புதுசில் வில்லில் தடவிய குங்கிலியம் உதிர்கிறதுகூடக் கேட்டது. கூடவே அந்த மூச்சு.

பாட்டு நடுவில் நின்று, கம்ப்யூட்டர் அடுத்த துண்டுக்காகக் காத்திருக்கிற நேரத்திலும் மூச்சு நிற்கவில்லை என்பதை இரண்டாவது ஞாயிறு கவனித்தார். பழைய மோடத்தை மாட்டினார். மூச்சு இல்லை. அப்பாடா, மோடம்தான் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தயிர் சாதம் சாப்பிட்டார். அந்த நிம்மதியில்தான் பெங்களூருக்குப் போன் போட்டு மகன் அபிஜித்திடம் உளறித் தொலைத்தார்.

"மோடம் எப்படிப்பா சத்தத்தை மாத்தும்? ஒயர்ல வரது ஒண்ணும் பூஜ்யமும். எதுல வந்தாலும் ஒண்ணு ஒண்ணுதான், பூஜ்யம் பூஜ்யம்தான்," என்றான் அபிஜித். பிறகு குரலை மெதுவாக்கிக்கொண்டு, "காது டாக்டர்கிட்ட காட்டலாம். இல்லேன்னா… வேற டாக்டர். வீட்டைப் பூட்டிண்டு இங்கயே வந்துடுங்கோ," என்றான்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்த மனைவி நாகலக்ஷ்மி ரிசீவரைப் பிடுங்கினாள். "ஏன்னா, பக்கத்துல குறட்டை விட நான் இல்லேன்னதும் மெஷினைப் பழக்கிட்டேளா?"

பாச்சுவும் சிரித்து வைத்தார். சிரித்தாலும் ஒரு கணக்கு அவரை உறுத்தியது. மூச்சு மோடத்தில் இல்லை, காதிலும் இல்லை என்றால், அது இருப்பதற்கு வேறு ஓர் இடம்தான் பாக்கி. அந்த இடத்தில்தான் விளக்கை அணைத்துவிட்டு அவர் தனியாகப் படுக்க வேண்டும்.

ஆகவே மோடம்தான் என்று நிரூபித்தாக வேண்டும்.

மாடியில், தெருப் பக்கத்துப் படி வைத்த போர்ஷனில் குடியிருந்த மஞ்சுநாத் கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியார். ஞாயிறு சாயங்காலம் அவனைக் கீழே கூப்பிட்டார். கம்ப்யூட்டர் உள்ளறையில், கதவுத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். ஸ்பீக்கர் இரண்டும் கூடத்தில், பாச்சுவின் பிரம்பு நாற்காலிக்கு நேர் எதிரே. மோடத்தின் சிவப்பு விளக்கு ஷோகேஸ் கண்ணாடியில் மினுக்குவதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, துண்டால் அவர் கண்ணைக் கட்டினான் மஞ்சு. லைன் பிடிக்கிறபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் கத்துமே என்று இரண்டு மோடத்தின் கத்தலையும் அடக்கி வைத்தான்.

"நான் பேச மாட்டேன் மாமா. பாட்டு வந்ததும் கதவு நிலையில தட்டுவேன். பழசா புதுசான்னு சொல்லுங்கோ. தோத்தா?"

"பெங்களூருக்குப் போறேன். ஜெயிச்சா, உன் வாயாலயே அபிஜித்துக்குச் சொல்லணும்."

"ஆயித்து. சும்னெ உட்காருங்கோ," என்று பாதி கன்னடத்தில் சொல்லிவிட்டு மஞ்சு உள்ளறைக்குப் போனான்.

டொக், டொக்.

தகர டப்பா. "பழசு," என்றார்.

ஒயரைப் பிடுங்குகிற சத்தம், செருகுகிற சத்தம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மைசூரில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி அத்தனையையும் யாரோ ஒரே சமயத்தில் கவிழ்த்த மாதிரி மாடித் தகரத்தில் கொட்டியது.

டொக், டொக். குங்கிலியம் உதிர்ந்தது. மூச்சு.

"புதுசு."

வயலின் ஒரு சங்கதியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, பாதிப் படியில் காலை வெட்டியது போல நின்றது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தார். மழைக்கு அடியில் ஏதோ முணுமுணுப்பு, ஒரு கதவு, பிறகு வெறும் மழை. துண்டுக்குள் அவருடைய இமை வியர்த்தது. ரொம்ப நாள் திறக்காத தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தால் முகத்தில் வந்து அடிக்குமே, பாசியும் துருவும் கலந்த அந்த ஈர வாடை கூடத்துக்குள் நிதானமாக வந்து, ஷோகேஸ் வழியாக, சுவரை ஒட்டி, ஒரு சுற்றுச் சுற்றியது. திரையின் வளையங்கள் கம்பியில் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

டொக், டொக்.

வயலின் மறுபடி வந்தது. இப்படி ஒரு வயலினை அவர் ஜன்மத்தில் கேட்டதில்லை. விரலின் ரேகை தந்தியில் தேய்வது கேட்டது. தாடைக்கும் மரத்துக்கும் நடுவில் தாடி மயிர் நசுங்குவது கேட்டது.

"புதுசு," என்றார். சந்தோஷத்தில் குரல் நடுங்கியது. ஜெயித்தாகிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

டொக், டொக். இந்தத் தடவை நிலையில் இல்லை. ஷோகேஸ் கண்ணாடியில்.

"புதுசுதான். மஞ்சு, விளையாடாதே."

டொக், டொக். டீப்பாயில். காலுக்குப் பக்கத்தில்.

"புதுசு."

ஒவ்வொரு பதிலுக்கும் வயலின் மெலிந்தது, மூச்சு தடித்தது. கடைசியில் வயலின் ஒரு நூலிழையாகி அறுந்தே போனது. மூச்சு மட்டும். உள்ளே. வெளியே. ஈரமாக. பொறுமையாக.

அப்போதுதான் அந்த முப்பது வருஷக் காது திசையைக் கவனித்தது.

ஸ்பீக்கர் எதிரே இருக்கிறது.

மூச்சு பின்னால் இருக்கிறது.

தெருக் கேட் கிரீச்சிட்டது. ஈரச் செருப்பு வாசல் படியில் சளக் சளக்கென்று ஏறியது. கதவு திறந்தது.

"ஸாரி மாமா, லேட் ஆயிடுத்து." மஞ்சுவின் குரல். வாசலிலிருந்து. "மோடத்துல தப்பே இல்லை. லைன்தான் செத்துப் போச்சு. மாடியிலயும் டெட்டு."

"மோடம்…?" என்றார் பாச்சு.

"ரெண்டும் என் கையிலதான் இருக்கு. மேல போய்ப் பார்த்துட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். நீங்ககூட 'ம்'னேளே."

பாச்சு 'ம்' சொல்லவில்லை.

வாசல்மேடையில் மஞ்சு செருப்பை உதறினான். குடையை மூடினான். உள்ளே நான்கு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டு வரவில்லை.

"மாமா," என்றான். அது அவன் குரலே இல்லை, குழந்தைக் குரல். "அசையாதீங்கோ."

"யாருடா?"

காரைத் தரையில் மோடம் ஒன்று விழுந்து சிதறியது. இன்னொன்று. பிறகு ஓட்டம். வெறுங்கால். படி. கேட். தெரு. மழை அந்த ஓட்டத்தை விழுங்கியது.

பாச்சு துண்டின் முடிச்சுக்குக் கையைக் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. அவிழ்த்தால் பார்க்க வேண்டும்.

கையை மடியில் வைத்துக்கொண்டார். காது நன்றாக இருக்கிறது. புத்தியும் நன்றாக இருக்கிறது. மஞ்சுவும் பார்த்தாகிவிட்டது. இனி யாரும் எந்த டாக்டரிடமும் அழைத்துப்போக முடியாது.

நாற்காலியின் பிரம்பு முனகியது. முதுகுப் பக்கம். பிறகு இடது பக்கம். பிறகு எதிரே, தாழ்வாக, யாரோ குத்துக்கால் போட்டு உட்காருகிற சத்தம். மூட்டு மூட்டாக மடங்கி. நிறைய மூட்டுகள்.

அவருடைய முழங்கால் சில்லின் மேல் சில்லென்ற விரல் முட்டி. மரியாதையாக, இரண்டு தட்டு.

டொக், டொக்.

பதிலுக்குக் காத்திருந்தது.