கேஷானியைக் கூப்பிட்ட மாலை

நேசராணி கூப்பிட்ட குரல் திரும்பி வந்தது. எதிரே மலையே இல்லை, வெறும் கடல்தான்.

நமுனுகுலயில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று அந்திநேரத்தில் "ஏ கேஷானீ" என்று அவள் ஒரு குரல் விட்டால், எதிர்மலை அதை வாங்கித் திருப்பித் தரும். பின்னாலேயே தேயிலைக்குள்ளிருந்து பிள்ளையின் பதில் வரும். அப்படிக் கூப்பிட்டே பழகியவளுக்கு, இந்தக் கோட்டை மதில் ஊருக்கு வந்தும் வாய் சும்மா இருக்குமா?

பத்து வயதில் பிள்ளையை இங்கே வீட்டு வேலைக்கு பஸ் ஏற்றிவிட்டவளும் அவள்தான். நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது வந்து பார்த்தாளா? மீன் வாங்க மதிலுக்கு வெளியே போன பிள்ளையைச் சுனாமி கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. பத்து மாதம் கழித்து, கல்லறைத் திருநாளில், மெழுகுதிரி ஏற்ற ஒரு குழிகூட இல்லாமல் மணலில் ஏற்றி வைத்துவிட்டு நிற்கிறாள், பாவி.

பழைய ஓட்டு வீடுகள் கதவடைத்துக் கிடந்தன. உப்பு வாடையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் கலந்து வர, எங்கோ ஒரு தகரம் காற்றில் முனகிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இந்த ஊரில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தேநீர்க்கடை ஸலீம்கூடத் தன் மனைவியைக் கைதட்டித்தான் கூப்பிட்டார்.

புருஷன் யேசுரத்தினம் மதிலோரம் நின்று, "போதும் வா புள்ள, பஸ்ஸு போயிரும்" என்றான்.

"எம்புள்ள பதில் சொல்லுதுங்க. விட்டுட்டு எப்புடி வர?"

இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"அம்மா."

அவள் பிள்ளையின் குரலேதான். ஐயோ, அதே குரல். மெழுகுதிரி அணைந்தது. அலை நின்றது. தண்ணீர் சத்தமில்லாமல் பின்வாங்கியது.

"அம்மா." இன்னும் பக்கத்தில்.

"அம்மா." இது வேறு குரல்.

யேசுரத்தினம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். பிறகு விட்டுவிட்டு ஓடினான்.

ஈர மணலில் பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். இருபது. ஐம்பது. எண்ண முடியவில்லை. முன்னால் வந்த பிள்ளையின் முகத்தில் ஒட்டிய தலைமயிரை ஒதுக்கிப் பார்த்தாள். கண்ணில்லை. வாயில்லை. முகம் ஆற்றுக்கல்லாக வழவழத்தது.

"கேஷானி யாரு தங்கம்?"

"நான்தான்மா" என்றார்கள் அத்தனை பேரும்.

நாலு வருஷத்தில் தன் மகள் எவ்வளவு உயரம் வளர்ந்திருப்பாள் என்றுகூட நேசராணிக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே கடலுக்குள் போனாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. வரிசை இன்னும் முடியவில்லை.