பொன்னந்தியின் பார்வையாளர் பதிவேடு

தஞ்சைத் தரணிவாழ் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: பெரிய கோயில் எழும்பிய பிறகு இந்த மண்ணில் சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றும் நடக்கவில்லையே என்று ஏங்கிக் கிடந்தவர்களின் குறை சென்ற கார்த்திகையில் ஒரு சுபமுகூர்த்தத்தில் தீர்ந்தது. ஊருக்கு வெளியே, இரண்டு போகம் விளைந்த வயலில் செம்மண்ணைக் கொட்டி மேடாக்கி, 'பொன்னந்தி எலைட் சீனியர் லிவிங்' திறக்கப்பட்டது. முதியோர் இல்லம் என்று யாரும் வாய்தவறியும் சொல்லிவிடக் கூடாது. அங்கே முதியோர் கிடையாது, சீனியர்கள் உண்டு. அறை கிடையாது, சூட் உண்டு. சாவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவர்களுடைய வழவழப்பான கையேட்டில் இல்லை.

மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தே முக்காலுக்கு, அந்த வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சபரிநாதன் இறங்கினான். வயது முப்பத்தொன்று. தோகாவில் கப்பல் பட்டறையொன்றில் வெல்டிங் சூப்பர்வைசர். லீவில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி. அதற்குள் அப்பாவை எங்காவது சேர்த்தாக வேண்டும்.

பின்சீட்டில் அப்பா காயாரோகணம் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேளாங்கண்ணிக்குத் தெற்கே உள்ள ஒரு குப்பத்தில், இருபது வயதிலிருந்து நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனிதர்.

இது மூன்றாவது இடம். கும்பகோணம் பக்கத்தில் முதலாவதைப் பார்த்தார்கள். சுத்த சைவம், முட்டைகூட உள்ளே வரக் கூடாது என்று மேலாளர் பெருமையோடு சொன்னார். "மீன் கிடையாதா? அப்ப என்ன குத்தம் பண்ணினா இங்க போடுவாங்க?" என்று அப்பா கேட்டார். பட்டுக்கோட்டையில் இரண்டாவது. தென்னந்தோப்புக்கு நடுவே நின்று பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பற்றி அவர்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது, விளக்கியவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி ஒரு தேங்காய் விழுந்தது.

இரண்டு இடத்திலும் அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான். "பொம்பளையாளு என்னைப் பார்க்க வந்தா உள்ள விடுவீங்களா? ஈரக்காலோட வந்தா?"

கும்பகோணத்து மேலாளர் சபரியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சபரி தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுக்கும் ஒரு கேள்வி இருந்தது. அதை அவன் யாரிடமும் கேட்கவில்லை. இங்கே படுத்தால் கடல் காதில் விழுமா?

ஐப்பசியிலிருந்து இரண்டு முறை அப்பாவை விடியற்காலையில் கடலுக்குள்ளிருந்து இழுத்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். முதல் முறை இடுப்பளவு. இரண்டாம் முறை கழுத்தளவு. "கூப்பிட்டா, போனேன்" என்றார். யார் கூப்பிட்டாள் என்று குப்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குக் கடல் கரையேறி வந்தது. அப்போது அப்பா ஆழ்கடலில் இருந்தார். படகுக்கு அடியில் ஏதோ லேசாகத் தூக்கிப்போட்டது, அவ்வளவுதான். கரையில் மீன் எடுக்க வந்து நின்ற அம்மா மலர்கொடி போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. "பொணத்தைக் காட்டு, கருமாதி பண்றேன்" என்று அப்பா எல்லோரையும் விரட்டினார். ரேஷன் கார்டில்கூட இன்றுவரை அவள் பெயரை நீக்க விடவில்லை.

பொன்னந்தியிலிருந்து கடல் எண்பது கிலோமீட்டர். சபரிக்கு அது போதும்.

"வெல்கம், வெல்கம்!" நவநீத் என்ற இளைஞன் கையில் நன்னாரி சர்பத்தோடு ஓடி வந்தான். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை அவனை 'மூத்தோர் மகிழ்ச்சி மேலாளர்' என்று அறிவித்தது.

"சார், ரெஜிஸ்டர்ல எழுதிட்டு உள்ள போங்க" என்று வாசல் கூண்டுக்குள்ளிருந்து வாட்ச்மேன் முருகையன் கூப்பிட்டார்.

"அதெல்லாம் அப்புறம் முருகையன்."

"அப்புறம்னா எப்படி? நான் கண்ணால பார்த்து எழுதினாத்தான் உள்ள. கண்ணால பார்த்து எழுதினாத்தான் வெளிய."

"சரி, நீங்களே எழுதிக்குங்க. இவங்க போகும்போது கையெழுத்துப் போடுவாங்க." நவநீத் திரும்பி, "இவருக்குச் சம்பளமே அந்த நோட்டுக்குத்தான் சார்" என்று சிரித்தான்.

அப்பா தன் கேள்வியைக் கேட்டார்.

"சீனியருக்கு விசிட்டர்ஸ் எப்ப வேணா வரலாம். ஈரக்கால் என்னங்க, நீச்சலடிச்சு வந்தாலும் விடுவோம்!"

அப்பாவின் முகம் முதல் முறையாகத் தெளிந்தது.

சுற்றிக் காட்டல் தொடங்கியது. புதன்கிழமை மீன் உண்டு. கையேட்டில் அதற்குப் பெயர் 'ஒமேகா தினம்'. நான்கு துளசிச் செடிகள் இருந்த இடம் 'மூலிகை வனம்'. கடைசியாக, தாழ்வாரத்தின் மூலையில், திரை போட்ட இருட்டான கூடத்துக்குள் அழைத்துப் போனான். சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பெயின்ட் வாசனை.

"இதுதான் எங்க ஹைலைட். அலையோசை அறை. சாயங்காலம் கண்ணை மூடிச் சாஞ்சா, கடற்கரையில இருக்கற மாதிரியே ஃபீல் ஆகும். மனசு அப்படியே லேசாயிடும்."

கடலுக்குப் பயந்து எண்பது கிலோமீட்டர் வந்தால், இவர்கள் அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

மெதுவாகத்தான் கேட்டது. மணலை இழுத்துக்கொண்டு பின்வாங்கும் சத்தம். நெடிய இடைவெளி. மறுபடி ஏறி வரும் சத்தம்.

"அதை நிறுத்துங்க" என்றான் சபரி.

"எதை சார்?"

"அந்தச் சத்தத்தை. ஸ்பீக்கரை."

நவநீத் அசடு வழிந்தான். "ஸ்பீக்கர் இன்னும் வரலை சார். பொங்கலுக்கு அப்புறம்தான் மாட்டுவோம்."

சபரி சுவரைப் பார்த்தான். நான்கு மூலையிலும் துளை மட்டும் இருந்தது. துளையிலிருந்து வெறும் ஒயர் தொங்கியது.

அலை ஏறி வந்தது.

அப்பா அங்கே இல்லை.

தாழ்வாரத்தின் கடைசியில், பன்னிரண்டாம் எண் அறையின் கதவு திறந்திருந்தது. அப்பா கட்டிலில் ஒருபக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு. சன்னலுக்கு வெளியே உச்சி வெயிலில் சம்பாப் பயிர் அசையாமல் நின்றது. அறைக்குள் கருவாட்டு வாடை. அதற்கடியில் ஈர மணல் வாடை. சபரிக்குப் பத்து வயது வரை அம்மாவின் புடவையில் இருந்த வாடை.

வாசலிலிருந்து கட்டில்வரை தரையில் ஈரச் சுவடுகள். சின்னப் பாதங்கள்.

உள்ளே போன சுவடுகள் மட்டும்தான்.

"ஹவுஸ்கீப்பிங்!" என்று கத்திக்கொண்டு நவநீத் ஓடினான்.

"இதுவே போதும்டா" என்றார் அப்பா. "இங்கயே இருந்துக்கறேன்."

இரண்டு மாதமாகக் கெஞ்சியும் வராத சம்மதம். சபரி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வெளியே காற்றுக்காக ஓடினான். கால் அவனை வாசல் கூண்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

"கிளம்பிட்டீங்களா தம்பி? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க." முருகையன் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "அந்தப் பொண்ணு இன்னும் வரலையே? சேர்ந்துதானே போவீங்க?"

"எந்தப் பொண்ணு?"

"உங்களுக்கு முன்னாடியே வந்துச்சே. வரப்பு மேலயே நடந்து வந்துச்சு. புடவையெல்லாம் நனைஞ்சிருந்துச்சா, களை எடுக்க வந்த ஆளுன்னுதான் முதல்ல நெனச்சேன். இன்னைக்கு இங்க சேர வர்றவரைப் பார்க்கணும்னுது. அவருக்கு நீ என்ன வேணும்னு கேட்டா, சம்சாரம்னுது." முருகையன் குரலைத் தணித்தார். "தப்பா நெனைக்காதீங்க. முப்பது வயசுகூட இருக்காது. பெரியவருக்கு ரெண்டாந்தாரமோன்னு நெனச்சுக்கிட்டேன்."

சபரி பதிவேட்டைப் பார்த்தான்.

பெயர்: மலர்கொடி. பார்க்க வந்தது: காயாரோகணம். உறவு: மனைவி. உள்ளே: 9.20. வெளியே என்ற கட்டம் காலி.

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. மை இன்னும் காயவில்லை. அதில் நான்கைந்து மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. ரேகையின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

அரிவாள்மனையில் அம்மா வஞ்சிரம் நறுக்கும்போது பட்ட வெட்டு. தையல் போட்ட அன்று பக்கத்தில் உட்கார்ந்து அழுதவன் சபரிதான். அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கரைக்கும் போனான். தண்ணீர் வந்தபோது, மீன் ஏலக்கூடத்து இரும்பு ஏணியில் ஏறியபோதும் அதைத்தான் பிடித்திருந்தான். அம்மா அவனுக்கு இரண்டு படி கீழே இருந்தாள்.

அலை இழுத்துக்கொண்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அப்பாவிடம், போலீசிடம், பின்னால் மனைவி பூமிகாவிடம். ஏணியில் ஏற இரண்டு கையும் தேவைப்பட்டது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஓடினான். அப்பாவின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான்.

"எழுந்திரிப்பா. போவலாம். இந்த இடம் வேணாம்."

"ஏன்டா, நல்லாத்தானே இருக்கு."

"வேணாம்னா வேணாம்! நீ என்னோடயே வந்துடு. நான் வேலைய விட்டுடறேன்."

அப்பா பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்தார். யாரோ காதில் சொல்வதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார். பிறகு மெல்லிய குரலில் பேசினார்.

"நீதான் கைய விட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கியாம்."

சபரி அந்த மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"இருபத்தோரு வருசமாவாடா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்பா..."

"நீ விடலையாம்டா. உன் பிடி உடும்புப்பிடியா இருந்துச்சாம். பயத்துல உனக்கு ஞாபகம் இல்லையாம். அவதான் உன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டாளாம், நீ மேல ஏறணும்னு. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா. எனக்கு அலைச் சத்தத்துல பேச்சு வெளங்கலை. இங்க சத்தம் கம்மி, வெளங்குது."

சபரி அப்பாவின் மணிக்கட்டை விடவில்லை. பத்து வயதுப் பையனைப் போல வாய்விட்டு அழுதான். விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

அப்பாவுக்கும் தெரியும்.

அவர் தன் மறு கையால் மகனுடைய சுண்டுவிரலை எடுத்துவிட்டார். பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல். வலைச் சிக்கலை எடுக்கிறவரின் பொறுமை. சபரி கீழே பார்த்தான். கடைசி விரலைப் பிரித்தது அப்பாவின் கை இல்லை. அது குளிர்ந்திருந்தது, கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது.

"போய்ட்டு வாடா" என்றார் அப்பா. "பூமிகாவைக் கேட்டேன்னு சொல்லு."

காயாரோகணம் தை மாதம் ஒரு காலையில், தூக்கத்திலேயே போனார். இயற்கை மரணம் என்று டாக்டர் எழுதினார். வலது கை எதையோ பிடித்ததுபோல மூடியிருந்தது, பிரித்துப் பார்த்தால் மணல் இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். அது எழுதும்படியான விஷயமில்லை என்று டாக்டர் விட்டுவிட்டார். சபரி தோகாவிலிருந்து ஓடி வந்து அப்பாவுக்குக் காரியம் செய்தான். அதே நாளில், இருபத்தோரு வருஷம் தாமதமாக, அம்மாவுக்கும் செய்தான்.

பதிவேட்டில் மட்டும் தகராறு தீரவில்லை. இரண்டு பேருக்கும் 'வெளியே' நேரத்தைப் போட்டு முடிக்கச் சொல்லி நிர்வாகம் முருகையனுக்கு மெமோ கொடுத்துவிட்டது. "ஆம்புலன்ஸ்ல உடம்பு போனதைப் பார்த்தேன். அவங்க ரெண்டு பேரும் போனதைப் பார்க்கல. பார்க்காம எழுத மாட்டேன்" என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார்.

நவநீத் சபரிக்கு ஒரு கருத்துப் படிவம் அனுப்பினான். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தது.

பன்னிரண்டாம் அறையின் தரை எத்தனை முறை துடைத்தாலும் காய்வதில்லை என்பதால், இப்போது அதில் துடைப்பங்களை வைத்திருக்கிறார்கள்.