மூலை வெட்டிய அட்டைகள்

நேற்று மாலை அவரே கத்தரிக்கோலால் வெட்டிய மூலை, இன்று காலை அட்டையில் திரும்ப இருந்தது.

தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். ‘அம்மாவாசை, சலங்குப் படகுக்காரர்’ என்று அமலநாதன் அண்ணனின் சாய்ந்த கையெழுத்து. வலது மேல்மூலை முழுசாக, கூராக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் கண்ணும் போய்விட்டது, இனி மீதமிருப்பது வாய் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருஷம் தட்டச்சு நிலையத்தில் பிள்ளைகளைப் பார்த்து ‘ஒழுங்கு, ஒழுங்கு’ என்று கத்தியவர் ஓர் அட்டையைத் தவறவிடுவதா? கத்தரியை எடுத்து மறுபடி வெட்டினார். முக்கோணத் துண்டு விரலில் ஒட்டிக்கொண்டது. ஈரம். உதறியும் விழவில்லை. வெட்டிய துண்டுகள் கிடந்த பழைய பிஸ்கட் டப்பாவின் விளிம்பில் வழித்துப் போட்டார். அடுத்த அட்டையைப் புரட்டப் பழக்கதோஷத்தில் விரலை நாக்கில் தொட்டபோது உப்புக் கரித்தது.

கப்ஸ் மாதா கோயிலுக்குப் பின்னால், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிய வீடு அது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அமலநாதன், இந்தக் கரையில் உடைந்த கப்பல்களைப் பற்றியே முப்பது வருஷம் தேடினவர். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேடுகளின் நகல், செய்தித்தாள் துண்டு, கடிதம் என்று இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய சேர்த்திருந்தார். கப்பலோடு போன ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை.

“செத்தவனுக்கெல்லாம் ரேஷன் கார்டு போடுறியாண்ணே?” என்று தனிஸ்லாஸ் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறார்.

“நீயும் வரிசையில நில்லு, ஒனக்கும் ஒண்ணு போடறேன்” என்பார் அமலநாதன், தலை நிமிராமல்.

போன ஜூலையில், தன் படுக்கையில், நெஞ்சுவலியில் போய்விட்டார். இழவு வீட்டில் அழுகை மிகுதியில், “எல்லாத்தையும் நான் ஒழுங்குபண்ணித் தர்றேன் அண்ணி, ஊரே பாக்குற மாதிரி நூலகத்துல வச்சிடலாம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார் தனிஸ்லாஸ். அழும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டார். இப்போது நவம்பர். அண்ணி ஆனந்தமேரி, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இருந்த தங்கைக்குத் துணையாக இரண்டு நாள் போயிருந்தார். அந்த இரண்டு நாளில்தான் தனிஸ்லாஸ் தன் ஒழுங்கைக் காட்டினார். பெரும்பாலான அட்டைகளுக்கு மூலை வெட்டியிருந்தது, சிலவற்றுக்கு இல்லை. மனுஷன் பாதியில் விட்டுவிட்டார் என்று எண்ணி மீதியையும் வெட்டி முடித்தார். கட்டு இப்போது சீட்டுக்கட்டு மாதிரி ஒரே சீராக இருந்தது.

மூன்று மணிக்கு மழையோடு ஆனந்தமேரி வந்து சேர்ந்தார். குடையை மூலையில் சாத்திவிட்டு மேஜையைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“இன்னா தம்பி பண்ணி வச்சிருக்க?”

“ஃபினிஷிங் குடுத்தேன் அண்ணி. அண்ணன் வெட்டாம வுட்டதை எல்லாம்…”

“அது வுட்டது இல்லைய்யா.” அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒடம்பு கரை ஒதுங்கி, பொதைச்சி, கல்லறைன்னு ஒண்ணு இருந்தா மூலைய வெட்டுவாரு. மூலை இருந்தா ஆளு இன்னும் கடல்ல இருக்கான்னு அர்த்தம். அம்பத்தேழு பேரு. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்த அட்டைய மட்டும் கையில எடுத்துனு போயி, கடலைப் பாத்து நின்னு வாசிப்பாரு.”

 கல்லறைத் திருநாள் நாளைக்கு. பங்குச் சாமியார் காலைப் பூசையில் அந்தப் பெயர்களை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார். சலங்குக்காரர்களின் பேரப்பிள்ளைகள் குருசுக்குப்பத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு பிரதி கொடுக்க, ஸ்டென்சில் தாளில் அடித்து, விடியற்காலையில் கடைக்காரர் கண்ணையனின் சைக்ளோஸ்டைல் மிஷினில் ஓட்டுவதாக ஏற்பாடு.

“பெட்டியில இருக்கிற தாளைப் பாத்துக் கண்டுபிடிச்சிடலாம்ல?”

“அதுக்கே அவருக்கு முப்பது வருஷம் ஆச்சி. ஒனக்குக் காலையில ஆறு மணி வரைக்கும் இருக்கு, மெசியே தனிஸ்லாஸ்.” மெசியே என்ற மரியாதையோடு, கோபமில்லாமல் சொன்னதுதான் சுட்டது. பிறகு அவர் ஓர் அட்டையை எடுத்தார். அதில் அவருடைய உருண்டைக் கையெழுத்து. ‘அமலநாதன், துறைமுகக் குமாஸ்தா.’ மூலை வெட்டியிருந்தது. “இத நான்தான் வெட்டுனேன். கல்லறை இருக்குதே. அந்தத் துண்டை அவரு சட்டைப் பையில, பேனாவோட வச்சித்தான் சவப்பெட்டிய மூடுனாங்க. நீதான் ஆணி அடிச்ச.”

“ஆமா அண்ணி.”

“இந்த வருஷம் வேணாம்னு சாமியார்கிட்ட சொல்லிடறேன். தப்புத் தப்பா வாசிச்சா அவங்களுக்கும் அடுக்காது.”

“வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. செஞ்சவன் நான். நானே சரிபண்றேன்.” எப்படி என்று அவருக்கே தெரியாது. வாய் மறுபடியும் முந்திக்கொண்டது.

ஐந்து மணிக்கு ஆனந்தமேரி கணவரின் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றக் கிளம்பினார். போனதும் கரண்டும் போனது.

மழை ஓட்டில் சீராக விழுந்துகொண்டிருக்க, பாதி சாத்திய ஜன்னலுக்கு வெளியே தெரு சாம்பலாகிக்கொண்டே வந்தது. தனிஸ்லாஸ் மெழுகுவத்தியைக் கொளுத்தித் தட்டச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நட்டார். அப்போது ஒரு வாடை வந்தது, முதலில் ஈரக் கயிறு போல, பிறகு தார் போல, கடைசியில் நாள்பட அடைத்து வைத்த அறையைத் திறந்தது போல. அடுக்கிய கட்டின் மேல் அம்மாவாசை இருந்தார். காலையில் இரண்டாம் முறை வெட்டிய மூலை ஒட்டிக்கொண்டு, சொட்டியபடி. வெட்டின கோடு மட்டும் காய்ந்த தழும்பு மாதிரி மெல்லியதாகத் தெரிந்தது.

எழுந்து ஓட வேண்டும் என்று கால்கள் சொல்லின. கால்கள் எப்போதும் அவரைவிடப் புத்திசாலிகள். ஆனால் ஓடினால் நாளைக்குக் காலை சாமியார் கையில் வெறும் தாள். குருசுக்குப்பத்திலிருந்து நனைந்துகொண்டு வருபவர்களுக்கு என்ன சொல்வது, நான் பயந்தாங்கொள்ளி என்றா? அதுதான் ஊருக்கே தெரியுமே.

“சரிய்யா அம்மாவாசை,” என்றார். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். “நீ கடல்ல இருக்க. ஒத்துக்கறேன். தப்பு என்னுது.” ஸ்டென்சிலைச் செருகி அடித்தார். பெயர், தொழில், கப்பல், வருஷம். “அடுத்தது யாரு? வரிசையா வாங்க. முட்டித் தள்ளுனா யாருக்கும் அடிக்க மாட்டேன்.”

அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. விசைப்பலகைக்குக் கண்ணைத் திருப்பினால் பின்னால் ஈரமாக ஒரு சத்தம், வெறுங்கால் சிமென்ட் தரையிலிருந்து பிரிகிற மாதிரி. திரும்பினால் கட்டின் மேல் புதிதாக ஓர் அட்டை, மூலையோடு. முருகையன், நெருப்பறையில் கரி தள்ளியவர். ராஜாங்கம், பாய் தைப்பவர். பெயர் தெரியாத சமையல்காரர், இடது காதில் கடுக்கன். அடித்தார். டப்பாவில் முக்கோணங்கள் குறைந்துகொண்டே வந்தன. தரையில் கணுக்கால் குளிர்ந்தது. கீழே பார்க்கவில்லை. மூச்சு விடும் சத்தம் எதுவும் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. அத்தனை பேர் நெருங்கி நிற்கிற கனம். ஒரு மூச்சுக்கூட இல்லை.

“தள்ளி நில்லுங்கய்யா, வெளிச்சத்தை மறைக்காதீங்க.”

வெளிச்சம் வந்தது. சொன்னபடி விலகினார்கள் என்பதை எண்ணி அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடித்தார்.

ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.

ஸ்டென்சிலை உருளையிலிருந்து கழற்றி மெழுகுவத்திக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். மை இல்லாத தாளில் எழுத்துகள் குத்திய இடமெல்லாம் வெளிச்சம் வந்தது. ஐம்பத்தேழு பேரும் எரிந்தார்கள். டப்பாவின் அடியில் துண்டு ஒன்றும் மீதமில்லை. வாடை போய்விட்டது. கனமும் போய்விட்டது. “பொழைச்சேன்டா தனிஸ்லாஸ்,” என்றார்.

பிறகு வேறொரு வாசனை வந்தது. ஓ தெ கொலோன் செண்ட். ஜூலையில், பெட்டியை மூடும் முன் ஒரு புட்டி முழுக்க அவரே தெளித்தது.

கட்டின் மேல் ஓர் அட்டை.

உருண்டைக் கையெழுத்து. ‘அமலநாதன், துறைமுகக் குமாஸ்தா.’

மூலை இருந்தது. சொட்டச் சொட்ட. அந்த முக்கோணம் முழுக்க நீல மை ஊறியிருந்தது, சட்டைப் பையில் பேனா ஒழுகின மாதிரி.

அவர் ஆணி அடித்த பெட்டி. அவர் மண் அள்ளிப்போட்ட குழி.

“அண்ணே,” என்றார். “ஒன்ன நான் பத்திரமாத்தானே வச்சிட்டு வந்தேன்?”

மழை. ஜன்னல் கதவு. மழை.

பற்கள் கிடுகிடுத்தன. கடித்து நிறுத்தினார். “அவங்க எங்க கூட்டினு போனாங்களோ போ. ஒம் பேரை மட்டும் வுட்டுட மாட்டேன். நாளைக்கு ஒன்னையும் வாசிப்பாங்க. நான் நின்னு கேப்பேன்.”

ஸ்டென்சிலை மறுபடி செருகினார். கடைசிப் பெயருக்கு அடுத்த வரிக்கு நேராக வைத்தார். அமலநாதன். துறைமுகக் குமாஸ்தா. கப்பல்? எந்தக் கப்பலைப் போடுவது? கோடு போட்டார். கோடு, கோடு, கோடு. வரி முடிகிறதென்று மணி அடித்தது.

அவருடைய பத்து விரல்களும் விசைகளின் மேல் இருந்தன.

இடது தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. வெள்ளைச் சட்டை, முழுக்கை, பொத்தான் போட்ட மணிக்கட்டு. நகக்கண்களில் கடல் மணல். அது லீவரைப் பிடித்து, பழகிய கை தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தள்ளியது. உருளை கரகரவென்று ஓடி, ஐம்பத்தொன்பதாவது வரியின் தொடக்கத்தில் போய் நின்றது.

தனிஸ்லாஸ் விரல்களை எடுக்கவில்லை.

அந்தக் கையும் லீவரை விடவில்லை. அடுத்த பெயருக்காக அங்கேயே, சொட்டிக்கொண்டு, காத்திருந்தது.