செலரியை ஒதுக்கி வைத்தவர்

கொதிக்கும் அண்டாவைத் துணி சுற்றிய கைகளால் சாய்த்து, அசிமினா மீன் சூப்பை அவசர அவசரமாக வடிகட்டினாள். விரல் நுனி சுட்டது. நிறுத்த நேரமில்லை. இருட்டிய பிறகு வருவதாகச் சொன்னவர்கள், வெளிச்சம் போவதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இருட்டிய பிறகு சாவுச் சாப்பாடு என்பதே சரியில்லை. பிணத்தை மதியம்தான் புதைப்பார்கள். பொழுது சாய்ந்து எவரும் புதைப்பதில்லை.

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்னால், மேட்டுத் தெருவில், கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு நேர் எதிரே அவளுடைய மீன் கடை. ஞாயிறன்று குடும்பங்கள் வறுத்த மத்தியும் கணவாயும் தின்ன வரும். மற்ற நாட்களில் சாவுச் சாப்பாட்டில்தான் அடுப்பு எரிந்தது. புதைத்துவிட்டு நேராக இங்கே வருவார்கள். மீன் சூப், ரொட்டி, ஒரு மடக்கு பிராந்தி. முதல் கரண்டியை வாயில் வைக்கும்போது, கடவுள் மன்னிக்கட்டும் என்பார்கள். கிளம்பும்போது இறந்தவர் வீட்டாரின் கையைப் பிடித்து, உங்களுக்கு ஆயுசு என்பார்கள். அந்த வார்த்தையைத் துக்க வீட்டாரைத் தவிர வேறு எவரிடமும் சொல்ல மாட்டார்கள்.

செத்தது யார் என்று அசிமினா ஒருநாளும் கேட்டதில்லை. பெயர் தெரிந்தால் சூப்பில் உப்புக் கூடிவிடும் என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் உப்புப் பார்க்கும் கரண்டியை வாயில் வைக்கும்போது, யாரென்றே தெரியாத அந்த ஆத்மாவுக்காக அவளும் கடவுள் மன்னிக்கட்டும் என்று முணுமுணுப்பாள். இன்றும் முணுமுணுத்தாள்.

மகள் மிர்தோ இன்னும் திரும்பவில்லை. புருஷன் வேறொருத்தியோடு போன பிறகு அசிமினாவுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். எலுமிச்சை தீர்ந்துவிட்டதென்று கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில் அவளை அனுப்பியதும் அசிமினாதான். சற்று முன் போன் செய்தபோதுகூட ஏசினாள்.

"எங்கடி இருக்க? எலுமிச்சை வாங்கப் போனியா, மரம் நட்டு வளக்கப் போனியா?"

"வளைவுகிட்ட வந்துட்டேம்மா. போனை வை. ஓட்டும்போது பேசுனா நீதான திட்டுவ."

அதோடு இணைப்பு அறுந்தது. அதன் பிறகு மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

அசிமினா தட்டுகளைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். சாவுச் சாப்பாடு என்றால் முதலில் விசும்பல் இருக்கும், பிராந்தி உள்ளே போனதும் இறந்தவரைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைக் கதை கிளம்பும், யாராவது சிரித்துவிட்டு வாயைப் பொத்துவார்கள். இங்கே அந்தச் சத்தம் எதுவும் இல்லை. கூரையில் மழை. தட்டில் கரண்டி. சாம்பிராணி மணக்க வேண்டிய இடத்தில், அப்போதுதான் கிளறிய ஈர மண்ணின் வாடை. கறுப்புக் கோட்டுகள் வரிசையாக, தலை கவிழ்ந்து, ஒரே சீராகச் சூப்பை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தன. ஒருவர் கோட்டிலும் ஒரு சொட்டு மழை இல்லை.

மேஜையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

எலுமிச்சை இதோ வந்துவிடும், பொண்ணு வளைவில்தான் இருக்கிறாள் என்று அவள் பொதுவாகச் சொல்லிவைத்தாள். தெரியும் என்பதுபோல் சில தலைகள் அசைந்தன.

ஓரத்தில் இருந்த கிழவர் சூப்பிலிருந்து செலரித் துண்டுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாக, தட்டின் விளிம்பில், பிறை மாதிரி அடுக்கினார். அசிமினாவின் கை அந்தரத்தில் நின்றது. போன குளிர்காலத்தில், சமையலறை வாசலில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னது மறுபடி காதில் கேட்டது: "அவருக்குச் செலரி ஆகாதுக்கா. இன்னிக்காவது போடாதீங்க. இருந்தவரைக்கும் விளிம்புல அடுக்கி வச்சு என் உயிரை எடுத்தாரு."

முடிதிருத்தும் லாம்ப்ரோஸின் மனைவி அவள். இறந்தவருக்குப் படைக்கும் அவித்த கோதுமைத் தட்டுக்குப் பின்னால் வைத்திருந்த அவருடைய படம். அந்தப் புதர்ப் புருவம்.

அதே புருவம்.

பக்கத்தில், பிளவைத் தைத்து ஒட்டவைத்த உதட்டோடு ஒரு பெண். அந்தப் படமும் பார்த்தது. அதற்கடுத்து இரட்டைச் சகோதரர்கள். ஒரே நாளில் புதைக்கப்பட்டவர்கள். அன்று அண்டா போதாமல் இரண்டு அடுப்பு வைத்தாள்.

எல்லாரும். எல்லார் சாவுக்கும் அவள்தான் சூப் வைத்தாள்.

மிர்தோ வரக் கூடாது. இந்த வாசலுக்குள் வரவே கூடாது.

கதவு திறந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லை. மிர்தோ நின்றாள். தலையில் ஹெல்மெட், கண்ணாடி மூடியபடி. கையில் எலுமிச்சைப் பை, ஒரு பக்கம் கிழிந்து, சேறு அப்பி. உயிரோடு வந்துவிட்டாள் என்று அசிமினாவுக்கு அழுகையே வந்தது.

"உள்ள வராத. வண்டியை எடு, வீட்டுக்குப் போ. ஏய், ஹெல்மெட்டைக் கழட்டுடி."

மிர்தோ கழற்றவில்லை. அம்மாவைத் தாண்டி நடந்தாள். மேஜையில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். தலைமாட்டில் இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மேஜை விரிப்பின் மேல் வைத்துக்கொண்டாள். ஹெல்மெட் வாரிலிருந்து ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விழுந்தது. இன்னொரு சொட்டு. மழை அந்த நிறத்தில் இருக்காது.

அசிமினா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் பையில் போன் அதிர்ந்தது. திரையில் மிர்தோவின் பெயர்.

மிர்தோவின் கைகள் மேஜையின் மேல்தான் இருந்தன.

லாம்ப்ரோஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நேராக அசிமினாவிடம் வந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து, கதவு வரை வரிசை கட்டி நின்றார்கள். அவர் அவளுடைய வலது கையை எடுத்து, ஈர மண்ணாய்ச் சில்லிட்ட தன் இரு கைகளுக்குள் வைத்து மெல்ல அழுத்தினார்.

"உங்களுக்கு ஆயுசு, அசிமினாம்மா."